கால் ஓயலாம், உடல் ஓயலாமா?

எங்கள் அயலிலே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாழ்ந்தார். எழுபது வயதைத் தாண்டிய பின்னரும் நாள்தோறும் வைகறையில் எழுந்து, ஒரு மைல் தொலைவிலுள்ள கோயிலுக்கு நடந்தே சென்று வருவார். மாரிகாலத்தில் ஒரு நாள் கிணற்றடிப் பாசியில் வழுக்கி வீழ்ந்தார். கணுக்கால் எலும்பு முறிந்தது. வைத்தியசாலையில் முறிவைப் பொருத்திக் கட்டுப் போட்டனர். ஆறு வாரங்களின் பின் கட்டை நீக்கிப் படம் எடுத்துப் பார்த்தபோது எலும்பு செவ்வனே பொருந்தியிருந்தது. வைத்தியர் மகிழ்ந்தார், வீட்டாரும் மகிழ்ந்தனர். ஆயினும், அந்த ஆசிரியர் அதன்பின் ஒரு நாளேனும் அக்கோயிலுக்கு நடந்து சென்றாரல்லர்.

காரணம் யாது? அந்த ஆறு வாரமும் வீட்டார் அவரைக் கட்டிலை விட்டு அசையவிடாது பேணினர். உணவும் நீரும் கட்டிலுக்கே வந்தன. எல்லாம் அன்பினாற் செய்தவையே. ஆனால், அவர் மீண்டும் எழுந்து நின்ற நாளில், முறிந்த கால் அவ்வளவாக நோகவில்லை; ஊறு எதுவும் படாத மற்றக் கால் நடுங்கிற்று. பத்து அடி வைப்பதற்குள் மூச்சு வாங்கிற்று. எலும்பு பொருந்திற்று, உடலோ தளர்ந்து போயிற்று.

இன்று உங்களுடன் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே. காலிலே அடிபட்டவர் அக்காலுக்கு ஓய்வு கொடுத்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், காலுக்குக் கொடுக்க வேண்டிய ஓய்வை நாம் உடல் முழுவதற்கும் கொடுத்துவிடுகின்றோம். அடிபட்ட காலுக்கு ஊறு நேராத வகையில் இருதயத்தையும் சுவாசப்பையையும், தோளையும் இடுப்பையும் தொடையையும் எவ்வாறு தொழிற்படுத்தலாம் என்பதைச் சற்று விளக்கிக் கூறுவேன்.

படுக்கை உடலை எவ்வளவு விரைவில் மெலிவிக்கின்றது என்பதைக் காட்டிய ஆராய்ச்சியொன்று 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் நடைபெற்றது. இருபது வயதுடைய, நோயற்ற இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலே கிடக்கச் செய்தனர். ஒருவர் தம்மால் இயன்ற மட்டும் கடுமையாக உழைக்கும்போது அவருடைய உடல் எவ்வளவு ஒட்சிசனைப் பயன்படுத்த வல்லது என்பது உடல் வலிமைக்கு நல்ல அளவுகோலாகும். மூன்று வாரம் கழிந்தபோது அந்த அளவு நான்கில் ஒரு பங்குக்கு மேலாகக் குறைந்திருந்தது. பின்னர் எட்டு வாரப் பயிற்சியினால் அவர்கள் இழந்ததை மீட்டுக்கொண்டனர். கதை அத்துடன் முடியவில்லை. முப்பது ஆண்டுகளின் பின், 1996இல், அதே ஐவரையும் மீண்டும் சோதித்தனர். அப்போது அவர்கள் ஐம்பது வயதை எட்டியிருந்தனர். முப்பது ஆண்டு மூப்பு அவர்களிடமிருந்து பறித்த ஆற்றலிலும் பார்க்க, இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை பறித்த ஆற்றலே பெரிதாயிருந்தது.

முழுப் படுக்கையிற் கிடப்போர் வேறு, காலிலே கட்டுடன் வீட்டில் இருப்போர் வேறு என்று நீங்கள் கூறலாம். உண்மையே. ஆயினும், நாள் முழுவதும் சாய்வு நாற்காலியிற் கிடப்பவர் அந்த இளைஞரின் நிலைக்கு வெகு தொலைவில் இல்லை. மேலும், இளைஞர் எட்டு வாரத்தில் மீட்டதை எழுபது வயதினர் அவ்வாறு எளிதில் மீட்டல் அரிது. ஆகவே, இழந்தபின் மீட்பதைக் காட்டிலும் இழவாது காப்பதே அறிவுடைமை.

வைத்தியர்களும் இந்த வகையிலே தம் கருத்தைத் திருத்திக்கொண்டுள்ளனர். 1978இல் கேப் மெர்க்கின் என்ற அமெரிக்க வைத்தியர் சுளுக்குப் போன்ற காயங்களுக்கு நான்கு சொற்களில் ஒரு விதி கூறினார்: ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல். அவ்விதி உலகெங்கும் பரவிற்று. நாளடைவில் அந்த முதற் சொல்லைப் பலர் அளவுக்கு மிஞ்சிக் கொண்டாடிவிட்டனர். ஆதலால், 2012ஆம் ஆண்டளவில் விளையாட்டு வைத்திய நிபுணர் சிலர் 'ஓய்வு' என்னும் சொல்லை நீக்கி, 'பாதுகாப்பு' என்றும் 'தக்க சுமை' என்றும் இரு சொற்களை இட்டனர். முதற் சில நாட்கள் காயத்தைப் பாதுகாத்தல் வேண்டும். அதன்பின் தாங்கக்கூடிய சுமையைச் சிறிது சிறிதாகக் கொடுத்தல் வேண்டும் என்பதே அதன் பொருள்.

பயிற்சியைப் பற்றிப் பேசுமுன், காலிற் பட்டது எத்தகைய காயம் என்பதை அறிதல் இன்றியமையாதது. கணுக்கால் உட்புறமாக மடிந்து, வெளிப்புறத்தில் எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் இழுபட்டு அல்லது கிழிபட்டு வீங்குவதே நாம் அடிக்கடி காணும் சுளுக்கு. எலும்பு முறிந்தாலும் வீக்கம் அவ்வாறே தோன்றும். இரண்டையும் வேறுபடுத்தி அறிவதற்குக் கனடாவின் ஒட்டாவா நகர வைத்தியர்கள் 1992இல் எளிய விதிகள் சிலவற்றை வெளியிட்டனர். கணுக்காலின் இருமருங்கும் புடைத்து நிற்கும் எலும்பு முண்டுகளின் பின்விளிம்பை விரலால் அழுத்துக. பின், பாதத்தின் வெளி ஓரத்தில் நடுப்பகுதியில் தட்டுப்படும் எலும்பையும், உட்புறத்தில் வளைவின் மேலாக உள்ள எலும்பையும் அழுத்துக. இவற்றுள் ஏதேனும் ஓரிடத்தில் எலும்பிலேயே நோவு இருப்பின் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தல் வேண்டும். அடிபட்ட உடனேயும், வைத்தியரிடம் சென்ற பின்னரும் நான்கு அடி எடுத்து வைக்க இயலாதிருப்பினும் படம் எடுத்தல் வேண்டும். இவ்விதிகள் பெரும்பாலும் தவறுவதில்லை. ஆனால், நீரிழிவினாற் பாதத்தில் உணர்ச்சி குன்றியவருக்கு இவை பொருந்தா. அவர் நோவை நம்பலாகாது. வைத்தியரையே நாடுதல் வேண்டும்.

பாதம் கோணி நின்றாலோ, எலும்பு முறிந்த இடத்திற் தோல் கிழிந்தாலோ, விரல்கள் குளிர்ந்து நீலம் பாய்ந்தாலோ, மரத்துப் போனாலோ ஒரு கணமும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க. குதிகாலின் மேலே யாரோ தடியால் அடித்தது போன்ற உணர்ச்சியுடன், பெருவிரல்களில் ஊன்றி எழும் வலிமை திடீரென அற்றுப்போனால், அது குதிகால் நரம்பு அறுந்ததன் அடையாளமாகலாம். அதையும் சுளுக்கென்று எண்ணி இருந்துவிடுதலாகாது.

எம் நாட்டிலே முறிவு நெறிவு வைத்தியம் பரம்பரை பரம்பரையாக வந்ததொன்று. அதில் நம்பிக்கையுடையோர் பலர். எந்த வைத்தியரிடம் செல்லினும், முதலில் எலும்பு முறிந்ததா இல்லையா என்பதைப் படம் எடுத்து அறிந்துகொள்ளுங்கள். புதிய காயத்தின்மீது எண்ணெய் பூசி அழுத்தித் தேய்த்தலும், முதல் ஓரிரு நாளிற் சூடு பிடித்தலும் வீக்கத்தைப் பெருக்குமன்றிக் குறைக்கமாட்டா. துணியிற் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து முதல் இருபது நிமிடம் வரை வைத்து எடுக்கலாம், நோவு தணியும். காலை நெஞ்சின் மட்டத்துக்கு மேலாகத் தலையணைமீது வைத்திருந்தால் வீக்கம் வடியும்.

இனி, பாதம் சுமக்கும் சுமையைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் உள்ளன. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடற்பாரத்திலும் சற்றுக் கூடிய விசை பாதத்தின்மீது விழுகின்றது. ஓடும்போது அது இரண்டு மூன்று மடங்காகின்றது. அறுபது கிலோ நிறையுள்ள ஒருவர் ஓடினால், ஒவ்வோர் அடியிலும் 120 முதல் 180 கிலோ வரையான பாரத்தை அவருடைய கால் தாங்குகின்றது. கால் நொந்தவருக்கு ஓட்டமும் துள்ளலும் ஏன் ஆகா என்பது இதனால் விளங்கும். அவருக்கு வேண்டியது அதிர்ச்சி குறைந்த பயிற்சி. அதனை மூன்று படிகளாக வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, பாதம் நிலத்திற் படாத பயிற்சி. இரண்டாவது, பாதம் படினும் பாரம் தாங்காத பயிற்சி. மூன்றாவது, பாதம் சிறிது சிறிதாகப் பாரம் தாங்கும் பயிற்சி.

முதலாம் படிக்கு வேண்டிய உபகரணங்கள் ஒரு கதிரை, ஒரு பாய், இரண்டு தண்ணீர்ப் போத்தல்கள். கைபிடியற்ற, உறுதியான கதிரையைச் சுவரோடு சேர்த்து வைத்து நிமிர்ந்து உட்காருக. நொந்த காலை வேறொரு கதிரையில் நீட்டி வைத்துக்கொள்க. குத்துச்சண்டைக்காரர் போல இரு கைகளையும் மாறி மாறி முன்னோக்கி விசையாக நீட்டி மடக்குக. ஒரு நிமிடம் செய்து அரை நிமிடம் ஆறுக. இவ்வாறு பத்து முறை செய்தால் பதினைந்து நிமிடமாகும். எளிதென்று எண்ணுகின்றவர் ஒரு முறை செய்து பார்க்கட்டும். ஐந்தாம் முறையிலேயே நெற்றி வியர்க்கும். இருதயத்துக்கு வேண்டியது இதுவே. கால்கள் நடந்து கொடுத்த வேலையைக் கைகளும் கொடுக்க வல்லன.

வேகம் போதுமா என்பதை அறியக் கருவி வேண்டியதில்லை. பயிற்சியின் நடுவே பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியாதிருக்க வேண்டும். பாட முடிந்தால் இன்னும் சற்று விரைக. பேசவே முடியாவிட்டால் விரைவைக் குறைக்க.

ஒரு லீற்றர் தண்ணீரின் நிறை ஒரு கிலோ. ஆகவே, ஒரு லீற்றர் போத்தலில் நீரை நிரப்பினால் ஒரு கிலோ எடை கையில் இருக்கின்றது. அதனைத் தோளிலிருந்து தலைக்கு மேலாக உயர்த்தி இறக்குதல், முழங்கையை மடக்கித் தூக்குதல், பக்கவாட்டில் விரித்தல் ஆகிய மூன்றையும் பத்துப் பத்து முறை செய்க. தூக்கும்போது மூச்சை வெளியே விடுக. மூச்சை அடக்கிக்கொண்டு பாரம் தூக்குதல் இரத்த அழுத்தத்தை உயர்த்தும்.

பின், பாயில் மல்லாந்து படுத்துக்கொள்க. நல்ல காலை மடித்து ஊன்றி, நொந்த காலை முழங்கால் மடியாது ஒரு சாண் உயரம் தூக்கி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி, மெல்ல இறக்குக. கட்டுப் போட்டிருந்தால் அக்கட்டின் பாரமே போதிய எடையாகும். அடுத்து, நல்ல பக்கம் கீழாக ஒருக்களித்துப் படுத்து, நொந்த காலைப் பக்கவாட்டில் உயர்த்துக. இதனால் இடுப்பின் வெளிப்புறத் தசைகள் உரம் பெறும். நாம் நடக்கும்போது இடுப்புச் சரியாது காப்பவை இத்தசைகளே. மூன்றாவதாக, நல்ல காலை மாத்திரம் ஊன்றி இடுப்பை நிலத்திலிருந்து உயர்த்துக. கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களை மணிக்கொரு தரம் அசைக்கவும் மறவாதீர்கள்.

'நல்ல காலுக்குப் பயிற்சி கொடுத்தால் நொந்த காலுக்கு என்ன பயன்?' என்று ஒருவர் கேட்கலாம். இதற்கு விடை வியப்பானது. 1894இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்ச்சர் என்ற உளவியலறிஞரும் அவருடன் பணியாற்றியோரும் ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்துச் சோதித்தபோது, பயிற்சி பெறாத மற்றக் கையும் ஓரளவு வலிமை பெற்றிருக்கக் கண்டனர். அதன்பின் நடந்த பல ஆராய்ச்சிகளும் இதனை உறுதிப்படுத்தியுள்ளன. வலிமை தசையில் மாத்திரம் இல்லை. தசையை ஏவும் மூளையிலும் நரம்பிலும் உள்ளது. ஒரு பக்கத்துக்குக் கற்பித்த பாடத்தில் ஒரு பங்கை மற்றப் பக்கமும் கற்றுக்கொள்கின்றது. ஆகவே, கட்டினுள் அடைபட்ட காலுக்கு நாம் நேரே செய்ய முடியாத உதவியை மற்றக் காலின் வழியாகச் சிறிதேனும் செய்யலாம்.

கால்கள் முற்றாகவே தொழிற்படாதவருக்கும் தேகாப்பியாசம் உண்டு என்பதை உலகுக்குக் காட்டியவர் லுட்விக் குட்மன் என்னும் வைத்தியர். இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில், போரிலே முதுகெலும்பு அடிபட்டவர்களைப் படுக்கையிற் கிடக்கவிடாது விளையாட்டிற் பழக்கினார். 1948 யூலை 29ஆம் நாள், இலண்டனில் ஒலிம்பிக் விழா தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் அங்கே வில்வித்தைப் போட்டியிற் கலந்துகொண்டனர். இன்றைய பராலிம்பிக் விழா அந்த வித்திலிருந்து முளைத்ததே. இரு கால்களும் இயங்காதவர்கள் அவ்வாறு முயன்றனர் எனின், ஒரு கணுக்கால் ஆறு வாரம் நொந்தவர் முழுவதும் முடங்கிக் கிடப்பதற்கு நியாயம் உண்டோ?

ஊன்றுகோலில் நடப்பதும் ஒரு பயிற்சியே. ஆனால் முறையறிந்து நடத்தல் வேண்டும். கக்கத்தில் வைக்கும் ஊன்றுகோலாயின், அதன் மேல்முனைக்கும் கக்கத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருத்தல் வேண்டும். பாரத்தை உள்ளங்கைகள் தாங்க வேண்டுமேயன்றிக் கக்கம் தாங்குதல் ஆகாது. தாங்கினால் அங்குள்ள நரம்பு நசுங்கிக் கை மரத்துப் போகும். படியேறும்போது நல்ல கால் முன்னே செல்லட்டும். இறங்கும்போது ஊன்றுகோலும் நொந்த காலும் முன்னே செல்லட்டும். பின்னர் ஒரு கைத்தடியுடன் நடக்கும் நிலை வந்தால், தடியை நொந்த காலுக்கு எதிர்ப்புறக் கையிற் பிடித்தல் வேண்டும். பெரும்பாலானோர் நொந்த பக்கத்திலேயே பிடிக்கின்றனர், அது தவறு.

இரண்டாம் படிக்கு வருவோம். பாதத்தை ஊன்ற வைத்தியர் அனுமதித்த பின்னரே இதனைத் தொடங்கலாம். வீக்கம் வடிந்து, கணுக்காலை நோவின்றி மேலும் கீழும் அசைக்க முடிகின்றவருக்குச் சயிக்கிள் நல்ல துணை. உடலின் பாரத்தை இருக்கை தாங்குகின்றது. பாதத்துக்கு அதிர்ச்சி இல்லை. உறுதியான அடியுள்ள சப்பாத்தை அணிந்து, விரல்களின் அடிப்பகுதிக்குப் பதிலாகப் பாதத்தின் நடுப்பகுதியை மிதியில் வைத்தால் கணுக்காலுக்கும் குதிகால் நரம்புக்கும் இன்னும் சுமை குறையும். ஆனால் ஒரு முக்கிய எச்சரிக்கை. தெருவிலே ஓடும் சயிக்கிளைவிட நிற்கும் சயிக்கிளே ஆபத்தானது. திடீரென நிறுத்தும்போது நம்மையறியாமல் ஒரு காலை ஊன்றிவிடுவோம். அது நொந்த காலாயின் மீண்டும் மடியும். ஆதலால் முதற் சில வாரங்கள் நிலைச் சயிக்கிளில் மிதித்தலே நன்று. நிலைச் சயிக்கிள் இல்லாதவர், பின்சக்கரம் நிலத்திற் படாத உறுதியான தாங்கியில் நிறுத்திய சயிக்கிளை, பிறரொருவர் பிடித்துக்கொள்ள மிதிக்கலாம்.

அடுத்தது நீர். நீரில் இறங்கியவரின் பாரத்தில் ஒரு பங்கை நீரே தாங்கிக்கொள்கின்றது. இடுப்பளவு நீரில் நிற்பவரின் கால்கள் உடற்பாரத்தில் ஏறக்குறையப் பாதியை மட்டுமே தாங்குகின்றன. நெஞ்சளவு நீரில் மூன்றில் ஒரு பங்கு. கழுத்தளவு நீரிற் பத்தில் ஒரு பங்கு. அறுபது கிலோ நிறையுள்ளவர் கழுத்தளவு நீரில் ஏறக்குறைய ஆறு கிலோவையே காலில் உணர்வார். அதே வேளையில், நீர் ஒவ்வோர் அசைவையும் எதிர்த்து நிற்பதால் தசைகளுக்கு வேலையும் கிடைக்கின்றது. நெஞ்சளவு நீரில் முன்னும் பின்னும் நடத்தல், ஆழ்ந்த நீரில் மிதவைப் பட்டி கட்டிக்கொண்டு நிலம் தொடாது ஓடுவது போலக் கால்களை இயக்குதல், தொடைகளின் இடையே மிதவையைப் பற்றிக்கொண்டு கைகளால் மாத்திரம் நீந்துதல் ஆகியவை சிறந்தவை. தவளை நீச்சல் கணுக்காலைத் திருப்பி உதைக்கச் செய்வதால் அதனைப் பின்னர் வைத்துக்கொள்க.

கடலாற் சூழப்பட்ட நாட்டில் வாழும் நமக்கு நீருக்குக் குறைவில்லை. ஆயினும் எல்லா நீரும் இதற்கு ஆகா. அலை மோதும் கடலிலே காலடி மணல் நிலையாக இராது. கணுக்கால் மீண்டும் பிரளும். குளத்தின் சேற்றில் குழியும் கல்லும் தெரியா. கேணியின் படிகள் வழுக்கும். தரை சமமான, பிடித்து இறங்கக் கைபிடியுள்ள நீச்சற் தடாகமே தக்கது. தனியே இறங்கற்க. தோலிலே புண் இருந்தாலோ, நனையக்கூடாத கட்டு இருந்தாலோ நீரை நாடற்க.

மூன்றாம் படி, நொந்த காலையே பழக்குதல். இங்கு நான் ஓர் எளிய பயிற்சியைக் கூறுவேன், சிறுவர்க்கும் விருப்பமானது. கதிரையில் உட்கார்ந்து காலை நீட்டி, பெருவிரலை எழுதுகோலாக எண்ணி, வெளியிலே 'அ' முதல் 'ஔ' வரை பன்னிரண்டு உயிரெழுத்துகளையும் எழுதுக. முழங்கால் அசையலாகாது, கணுக்காலே எழுத வேண்டும். தமிழெழுத்தின் வளைவுகள் கணுக்காலை எல்லாத் திசையிலும் திருப்பிவிடும். 'இ' எழுதும்போது இது நன்கு புலப்படும். நாளைக்கு இரண்டு மூன்று முறை எழுதினால் மூட்டின் இறுக்கம் தளரும். அடுத்து, துவாயொன்றைப் பாதத்தின் முன்பகுதியிற் போட்டு இரு முனைகளையும் கைகளாற் பற்றி மெல்ல இழுத்துப் பின்காற் தசையை நீட்டுக. பின்னர் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு இரு குதிகால்களையும் உயர்த்தி இறக்குக.

எல்லாவற்றிலும் முக்கியமானது, ஒற்றைக் காலில் நிற்கப் பழகுதல். கணுக்கால் ஒரு முறை சுளுக்கியவருக்கு அது மீண்டும் மீண்டும் சுளுக்குவதை நாம் காண்கின்றோம். இலண்டனில் ஃபிரீமன் என்ற அறுவை வைத்தியரும் அவருடன் ஆராய்ந்தோரும் 1965இல் இதற்கொரு காரணம் கூறினர். மூட்டைப் பிணைக்கும் நார்கள் வெறும் கயிறுகள் அல்ல. கால் எந்த நிலையில் இருக்கின்றது என்று மூளைக்கு அறிவிக்கும் நரம்பு முனைகளும் அவற்றில் உள்ளன. நார் கிழியும்போது அந்தச் செய்தித் தொடர்பும் பழுதுபடுகின்றது. நார் ஆறிய பின்னரும், பாதம் பிரளத் தொடங்குவதை உடல் உரிய காலத்தில் அறிவதில்லை. இதனைத் திருத்துவது சமநிலைப் பயிற்சி. சுவருக்கு அருகே நின்று, நொந்த காலில் மாத்திரம் பத்து விநாடி நிற்க முயல்க; பின்பு முப்பது விநாடியாக வளர்க்க. அது கைகூடியதும், கண்ணை மூடிக்கொண்டு நிற்க முயல்க. காலையிற் பல் விளக்கும் நேரமே இதற்குப் போதும். சுளுக்கு ஆறிய பின்னரும் சில மாதங்கள் இதனைத் தொடர்தல் வேண்டும்.

எந்தப் படியில் இருப்பினும் அளவறிய ஒரு விதியுண்டு. பயிற்சியின்போது சிறு நோவு தோன்றி, சற்று நேரத்திற் தணிந்து, மறுநாட் காலையில் நோவும் வீக்கமும் முன்னிருந்தபடியே இருந்தால், செய்தது சரி. மறுநாள் வீக்கம் கூடியிருந்தால், செய்தது மிகை. ஒரு நாள் ஆறி, அளவைக் குறைத்துத் தொடங்குக.

எவ்வளவு நேரம் செய்வது? உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிப்படி, வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை நடுத்தர அளவான உடலுழைப்பும், இரண்டு நாளேனும் தசைகளுக்கு உரமூட்டும் பயிற்சியும் செய்தல் வேண்டும். நாளைக்கு முப்பது நிமிடமாக ஐந்து நாள் செய்தால் 150 நிமிடமாகும். அந்த முப்பதையும் காலை பத்து, பகல் பத்து, மாலை பத்தெனப் பிரித்துக்கொள்ளலாம். இயலாதவர் ஐந்து நிமிடத்திற் தொடங்கட்டும். சிறிதும் செய்யாதிருத்தலினும் சிறிது செய்தல் மேலானது.

சில எச்சரிக்கைகளைக் கூறி அமைகின்றேன். கால் அசையாதிருக்கும் காலத்தில் பின்காலின் நாளத்தில் இரத்தம் உறையலாம். பின்கால் புதிதாக வீங்கி, சூடாகி, நொந்தால் உடனே வைத்தியரைக் காண்க. அத்துடன் திடீர் மூச்சுத் திணறலோ நெஞ்சு நோவோ தோன்றினால், அது உயிருக்கே ஆபத்தாகலாம். தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க. நீரிழிவுடையோர் நாள்தோறும் இரு பாதங்களையும் பார்த்துப் புண்ணோ சிவப்போ உண்டா என்று கவனித்தல் வேண்டும். பாதம் நோவின்றியே சிவந்து, சூடாகி, வீங்கினாலும் அதனை அற்பமாக எண்ணற்க. இருதய நோயுடையோர் எந்தப் பயிற்சியையும் வைத்தியரின் சொற்கேட்டே தொடங்குக. வைத்தியசாலைகளில் இயன்மருத்துவர் உளர். அவரிடம் ஒரு முறையேனும் பயிற்சிகளைச் செய்து காட்டித் திருத்திக்கொள்வது நன்று.

இறுதியாக, நோயாளருக்கு அன்றி அவர்தம் வீட்டாருக்கு ஒரு சொல். அம்மாவோ அப்பாவோ காலிற் கட்டுடன் கதிரையில் இருக்கும்போது, 'நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், பேசாமல் இருங்கள்' என்று சொல்வது அன்பின் சொல்லே. ஆனால், அந்தச் சொல்லை ஆறு வாரம் நாள்தோறும் கேட்டவர், கட்டு நீங்கிய பின்னரும் அதனையே நம்பத் தொடங்கிவிடுகின்றார். 'தன்னால் இனி ஒன்றும் ஆகாது' என்ற எண்ணம் எலும்பு முறிவிலும் கொடியது. அதற்குப் பதிலாக, கதிரையைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, போத்தலில் நீரை நிரப்பிக் கையிற் கொடுத்து, 'பத்து முறை தூக்குங்கள், நான் எண்ணுகின்றேன்' என்று சொல்லுங்கள். தேங்காய் துருவுவதற்கும், கீரை ஆய்வதற்கும், பேரப்பிள்ளைக்குப் பாடம் சொல்வதற்கும் கால் வேண்டியதில்லை. அவற்றையும் அவரிடமிருந்து பறிக்காதீர்கள்.

தொடக்கத்திற் சொன்ன ஆசிரியரை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. வீட்டு வாயிலில் அமர்ந்து, கோயில் மணி கேட்கும் திசையை நோக்கிக் கைகூப்புவார். அவருடைய கால் ஆறியிருந்தது. அந்த ஆறு வாரத்தில் நாளைக்கு அரை மணித்தியாலம் அவருடன் இருந்து எண்ணுவதற்கு ஒருவர் இருந்திருப்பின், அவர் மீண்டும் அவ்வழியே நடந்திருத்தல் கூடும். இப்பேச்சைக் கேட்கும் உங்கள் வீட்டில் இன்று காலிற் கட்டுடன் ஒருவர் இருந்தால், நாளை காலை அவருக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு அமருங்கள்.